கண்ணுக்குக் கெடு எத்தனை மணி நேரம்?

இலைக் கீறல், சுண்ணாம்பு, வெல்டிங் பொறி, திடீர் இருட்டு... எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்?

விடிவதற்கு வெகு நேரம் முன்பே குமரி மாவட்டத்தின் திருவட்டாறு வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் நடமாடத் தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால் வெட்டுகிறவர்கள் அவர்கள். கத்தி பட்டையைச் சீவும்போது சீவல் முகத்துக்கு நேரே தெறிக்கும். அடுத்த மரத்துக்கு நகரும்போது தாழ்ந்து கிடக்கும் கொப்பு இருட்டில் கண்ணில் அடிக்கும். வெயில் ஏறியதும் சிரட்டைகளில் சேர்ந்த பாலைத் திரட்டி, ஃபார்மிக் ஆசிட் கலந்து உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். அண்டி ஆபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) போகும் பெண்கள் தோலைப் பொசுக்கும் அண்டித்தோட்டு எண்ணெயோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறார்கள். பனையேறுகிறவர்கள் அக்கானி (பதநீர்) கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். வெல்டிங் பட்டறை, கட்டட வேலை, புல் வெட்டும் மெஷின் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பில் பாதி, கண்ணுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது.

ஆனாலும் கண்ணில் அடிபட்டால் பலர் வேலையை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அன்றைய கூலி போகும். வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் வயதானவர்கள் சொல்லும் ஆறுதல் இது: "ஒண்ணும் இல்ல மக்கா, ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டா செரியாவும். இல்லேன்னா நாளைக்குப் பாக்கலாம்."

அந்த 'நாளைக்கு' எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைக் கண் மருத்துவம் அளந்தே வைத்திருக்கிறது. சில ஆபத்துகளுக்கு நிமிடக் கணக்கு, சிலவற்றுக்கு மணிக் கணக்கு, சிலவற்றுக்கு ஒரு நாள். எது எந்தக் கணக்கில் வரும் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், மருத்துவரிடம் போய்ச் சேரும் கண்ணில் பார்வை மிச்சமிருக்கும்.

இலை நுனி கிழித்த கண்

கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் பகுதி கருவிழி. அதன் தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மேல்தோல் நன்றாக இருக்கும்வரை கிருமிகள் எளிதில் உள்ளே நுழைவதில்லை. நெல் தாளோ, வாழை இலை நுனியோ, ரப்பர் பட்டையின் சீவலோ ஒரு கீறல் போட்டுவிட்டால் கதவு திறந்துவிடுகிறது. தாவரப் பொருள்களோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சை, அந்தக் கீறல் வழியாக உள்ளே வேர்விடுகிறது. சில நாள்களில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். ஊரில் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொல்லும் நிலைக்கு முக்கியமான காரணம் இந்தக் கருவிழிப் புண் ஆறிய பிறகு விட்டுப்போகும் தழும்புதான்.

இது எவ்வளவு பரவலான துன்பம் என்பதைத் தமிழ்நாட்டு ஆய்வுகளே காட்டின. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவது தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்ததில், 284 பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு, முன்னதாகக் கண்ணில் ஏதோ ஒரு சிறு காயம் பட்டிருந்தது. கிருமி எதுவென்று கண்டறிய முடிந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இது எது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

பதினெட்டு மணி நேரம்

கீறலுக்கும் புண்ணுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் நேபாளத்தின் பக்தபூரிலிருந்து வந்தது. அங்கே இரண்டு ஆண்டுகள் ஏறத்தாழ 35,000 மக்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்கள் கவனித்துவந்தார்கள். கண்ணில் அடிபட்டு வந்தவர்களில் கருவிழியில் கீறல் உறுதியான 442 பேருக்கு, குளோராம்பெனிகால் என்ற பழைய, விலை மலிவான ஆன்டிபயாட்டிக் களிம்பை நாளுக்கு மூன்று முறை வீதம் மூன்று நாள் போட்டார்கள். 2001-இல் வெளியான முடிவு இது: அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது.

அதே களிம்பு, அதே ஊர், அதே மாதிரிக் கீறல். மாறியது நேரம் மட்டும். காலையில் கண்ணில் இலை அடித்தவர் அன்று மாலைக்குள் காட்டிவிட்டால் பூஜ்ஜியம். மறுநாள் மாலைவரை தள்ளிப்போட்டால் மூன்றரைப் பேருக்கு ஒருவர். பின்னர் மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். அங்கேயும் கீறல் பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் புண் வராமலே தப்பினார்கள்.

அதனால் செடி, பட்டை, நெல், மண் எது கண்ணில் பட்டிருந்தாலும், கசகசப்பும் கண்ணீரும் கூச்சமும் சில மணி நேரத்தில் அடங்காவிட்டால், அன்றைக்கே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கண்ணில் விழுந்த தூசியை நாக்கு நுனியால் எடுப்பது, துணி முனையால் துடைப்பது, நந்தியாவட்டைச் சாறும் விளக்கெண்ணெயும் விடுவது எல்லாம் திறந்திருக்கும் கதவு வழியாக இன்னும் கிருமிகளை அனுப்பிவைப்பதாகவே முடியும். தாய்ப்பாலும் அப்படித்தான். குழந்தையின் வயிற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. காயம்பட்ட கண்ணுக்கு அது மருந்தாகாது.

மருந்துக்கடைச் சொட்டு

வீட்டு வைத்தியத்தைவிடவும் மோசமான ஒரு வழக்கம் கடைவீதியில் இருக்கிறது. 'கண்ணு செவந்திருக்கு, ஏதாவது சொட்டு குடுங்க' என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துவிடும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர்கள் குப்பியில் பொடி எழுத்தில் இருக்கும். போட்ட மறுநாளே சிவப்பு குறையும், வலி அடங்கும். போட்டுக்கொண்டவருக்கு நிம்மதி. உள்ளே நடப்பது வேறு: ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. ஹெர்பிஸ் வைரஸால் வந்த புண்ணும் அப்படியே. ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் வரும்போது கருவிழி ஓட்டை விழும் நிலைக்குப் போயிருக்கும்.

நேரத்தோடு வந்தால் பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது. அரவிந்தில் நடந்து 2013-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு, நேட்டமைசின் என்ற சொட்டு மருந்தே விலை கூடிய புது மருந்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது. அதை மணிக்கொரு முறை, வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். மருத்துவர் எழுதித் தராமல் கண்ணுக்கு எந்தச் சொட்டும் வாங்கக்கூடாது. போன முறை வாங்கி மிச்சமிருக்கும் குப்பியையும் திறக்கக்கூடாது.

முதலில் தண்ணீர், பிறகு வண்டி

நிமிடக் கணக்கில் வரும் ஆபத்து ரசாயனம். ஆசிட், சுண்ணாம்பு, சிமென்ட், கழிப்பறை கழுவும் திரவம், ரப்பர் பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா எல்லாம் இந்த வகை. இவற்றில் சுண்ணாம்பு, அமோனியா போன்ற காரப் பொருள்கள் ஆசிட்டைவிடப் பொல்லாதவை. ஆசிட் பட்ட இடத்துத் திசுவை உறையவைத்து, பெரும்பாலும் அந்த உறைவிலேயே தடைபட்டு நின்றுவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

இங்கே மருத்துவமனைக்கு ஓடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, நின்ற இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் கழுவுவது. குழாயடியோ, குடமோ, குடிநீர் பாட்டிலோ எது கைக்குக் கிடைக்கிறதோ அது. இமைகளை விரலால் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, கண்ணை நாலு பக்கமும் உருட்டச் சொல்லி, குறைந்தது அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். சுண்ணாம்புத் துகள் இமைக்கு உள்ளே ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் மெல்ல எடுத்துவிட வேண்டும். ஆசிட்டுக்கு எதிராகச் சோடா உப்பு, சுண்ணாம்புக்கு எதிராக எலுமிச்சை என்று யாராவது சொன்னால் கேட்கவே கூடாது. கழுவி முடித்து, என்ன பட்டது என்று காட்ட அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் வீட்டில் இருந்தால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குழந்தை விளையாட்டாக அதை அமுக்கும்போது வெடித்து நேராகக் கண்ணுக்குள் பாய்கிறது. இந்தியாவில் சிறு குழந்தைகளின் கண் வேகும் விபத்துகளில் அந்தப் பொட்டலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நெய்யூர் டாக்டரும் எவரெஸ்ட் கண்ணும்

வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நின்றவருக்கு நடு இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். கண்ணைத் திறக்கவே முடியாது. வெல்டிங் ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது. வலி ஆறு, எட்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும்.

இதே காயத்துக்கும் நெய்யூருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. லண்டன் மிஷன் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய நெய்யூரில் பல்லாண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் டி. ஹோவர்ட் சாமர்வெல், எவரெஸ்ட் ஏறியவர். 1924 ஜூன் 4 அன்று எட்வர்ட் நார்ட்டனும் அவரும் ஆக்சிஜன் இல்லாமல் உச்சியை நோக்கி ஏறினார்கள். பாறையில்தானே நடக்கிறோம் என்று நார்ட்டன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பனியில் பட்டுத் திரும்பிய புற ஊதாக் கதிர் அவர் கண்களைச் சுட்டது. அன்று இரவே பார்வை போய், இரண்டு நாளைக்கு மேல் ஒன்றும் தெரியாமல் கிடந்தார். ஜூன் 6 அன்று அதே குழுவைச் சேர்ந்த மல்லோரியும் இர்வினும் தங்கள் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியபோது அவர்களை வழியனுப்பிய நார்ட்டனால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு பார்வை முழுதாகத் திரும்பியது.

வெல்டிங் கண்ணும் அப்படியே ஓரிரு நாளில் ஆறிவிடும். வலி தாங்காமல் கண்ணை மரத்துப்போகவைக்கும் சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால்தான் கருவிழி கெடும்.

பட்டறையில் உண்மையாகவே பயப்பட வேண்டியது வேறு. உளியைச் சுத்தியலால் அடிக்கும்போதும் கிரைண்டர் ஓட்டும்போதும் தெறிக்கும் இரும்புத் துணுக்கு, தோட்டா வேகத்தில் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு சுருக், அவ்வளவுதான். பிறகு வலிகூட இருக்காது. உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும், சீழும் பிடிக்கலாம். அதனால் இரும்பு வேலையில் 'என்னமோ பட்டது' என்று தோன்றினாலே அன்றைக்கே ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

கண் கிழிந்து ரத்தமோ திரவமோ வந்தால் கழுவக்கூடாது, அமுக்கக்கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக்கூடாது, மருந்தும் விடக்கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டிவிட்டு, சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காமல் கிளம்ப வேண்டும். போனதும் மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டியிருக்கும்.

வலியே இல்லாத ஆபத்து

வலித்தால் ஓடுகிறோம். மிகப் பெரிய கண் ஆபத்துகள் சிலவற்றில் வலியே கிடையாது.

சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதோ, காலையில் எழுந்ததுமோ ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று இருட்டு. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டிருக்கலாம். மூளையில் வரும் பக்கவாதத்துக்கும் இதற்கும் காரணம் ஒன்றே. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ச்சி செய்த சோகன் சிங் ஹேரே குரங்குகளில் நடத்திய சோதனைகள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்வரை விழித்திரை தாக்குப்பிடிப்பதையும், நான்கு மணி நேரம் ஆனால் மீளாமல் போவதையும் காட்டின. சில நிமிடம் இருண்டு தானாகவே தெளிந்துவிட்டாலும் அது எச்சரிக்கை. அடுத்த சில நாள்களில் பக்கவாதம் வரக்கூடும். கண் கடையைத் தேடாமல் 108-ஐ அழைத்து, பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். திடீரென்று எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிவது, ஒரு இமை தொங்கிக் கண்பாப்பா (கண்மணி) விரிவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான்.

இன்னொன்று விழித்திரை விலகல். கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல ஒளி, திடீரென்று நிறையக் கறுப்புப் புள்ளிகள், பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல நிழல். ஓரம் கிழிந்த சுவரொட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்குவதுபோல, விழித்திரையில் விழுந்த ஓட்டை வழியாகத் திரவம் புகுந்து அதை உரித்துக்கொண்டே போகிறது. நடுப்பார்வைக்குரிய இடம் உரிவதற்குள் அறுவை செய்துவிட்டால் நல்ல பார்வை மிஞ்சும். வெறும் ஓட்டையாக இருக்கும்போதே வந்துவிட்டால் லேசரோடு முடிந்துவிடும். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் இந்த அறிகுறிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணுக்குள் புகை, நூலாம்படை மிதப்பதுபோலத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். அதற்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்கோளாறு என்று ஏமாற்றும் கண்

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. வீட்டார் பித்தம் என்பார்கள், ஒற்றைத் தலைவலி என்பார்கள். ஒரு கண் சிவந்து கலங்கியிருப்பதையும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவதாக அவர் சொல்வதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. இது கண் அழுத்தம் சட்டென்று ஏறும் குளாக்கோமா. வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் அழுத்தம் 50-ஐத் தாண்டிப் பார்வை நரம்பை நசுக்கும். ஆசியர்களிடையே, அதிலும் பெண்களிடையே இது கூடுதல். சில மணி நேரத்துக்குள் மருந்தால் அழுத்தத்தை இறக்கி, லேசரால் ஒரு சிறு துளை போட்டால் கண் தப்பும். இன்னும் பாதிப்பு வராத மற்றக் கண்ணுக்கும் முன்கூட்டியே அந்தத் துளையைப் போட்டுவிடுவார்கள்.

கண்புரை அறுவை முடிந்து சில நாள்களில் வலி கூடிப் பார்வை மங்கினால் 'அடுத்த வாரம் செக்கப் இருக்கிறதே' என்று இருக்கக்கூடாது. கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தால் அன்றே ஊசி போட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து வலித்தாலும் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்ட வேண்டும்.

குழந்தைகளிடம் பார்க்க வேண்டியவை தனி. போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம். காய்ச்சலோடு கண்ணைச் சுற்றி வீங்கி, கண் பிதுங்கி, அசைக்க முடியாமல் போனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தொற்று. எடை குறைந்து, மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம்.

எவற்றுக்குப் பதற வேண்டாம்?

வெள்ளை விழியில் ரத்தம் கட்டியதுபோல ஒரு திட்டு, வலி இல்லை, பார்வை தெளிவு என்றால் அது இரண்டு வாரத்தில் தானே மறையும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். மெட்ராஸ் ஐ வந்தால் அரிப்பு, பீளை, ஒட்டிய இமை; ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டிருந்ததாக அரசு அறிவித்தது. ஆனால் சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு நோய்.

பார்வை மங்கலைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி, மற்றக் கண்ணால் சுவரில் உள்ள நாள்காட்டித் தேதியைப் படிக்க வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பவருக்கு ஒரு கண் போனது வாரக்கணக்கில் தெரியாமல் இருப்பதுண்டு.

திருவட்டாறிலிருந்து எங்கே?

வழி இருக்கிறது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். மேற்கே போனால் திருவனந்தபுரத்தில் அரசின் மண்டலக் கண் மருத்துவ நிலையம். கருவிழிக்கும் விழித்திரைக்கும் தனி மருத்துவர்களைக் கொண்ட அரவிந்த் மருத்துவமனை 1988 முதல் திருநெல்வேலியில் இயங்குகிறது. கிளம்பும் முன் போன் செய்து விழித்திரை மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டால் ஒரு அலைச்சல் மிச்சம். போனதும் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: என்ன பட்டது, எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு கண்ணில் என்னென்ன விட்டோம். தாய்ப்பாலோ, கடையில் வாங்கிய சொட்டோ விட்டிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

ஊரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஷீட் அடிக்கும் கொட்டகை ஒவ்வொன்றிலும் ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். பால் வெட்டுகிறவருக்கும் புல் மெஷின் ஓட்டுகிறவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தருவது தோட்டக்காரரின் பொறுப்பு. பக்தபூரில் அந்தப் பணியாளர்கள் கையில் இருந்தவை, கீறலைப் பச்சையாகக் காட்டும் ஒரு சாயத்தாள், நீல ஒளி டார்ச், களிம்பு ஆகியவையே. இங்கே கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அந்தப் பையில் இந்த மூன்றையும் சேர்த்து, அவர்களுக்குப் பயிற்சியும், மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையும் கொடுத்தால், காலை ஆறு மணிக்குக் கொப்பு அடித்த கண்ணுக்கு அன்று மதியத்துக்குள் களிம்பு கிடைத்துவிடும்; கூலியை விட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டியவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மாவட்ட சுகாதாரத் துறை இதை ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த திருவட்டாறு வட்டத்திலேயே முதலில் தொடங்கலாம்.